கொல்லிமலை 43-ஆவது வளைவு: கொக்கி வெளியே தெரியாத காரை மேலே எடுத்த விதம்

போன ஆடிப் பதினெட்டு அன்று சாயங்காலம் நாலேகாலுக்கு ஒரு போன் வந்தது. கொல்லிமலையில் 43-ஆவது கொண்டை ஊசி வளைவில் காரின் பின்சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது, கயிறு கட்ட வண்டியில் இடமே இல்லை, கட்டின இடமெல்லாம் உடையுதுங்க, கொஞ்சம் வாங்க என்றார் பேசியவர். எனக்குச் சேந்தமங்கலத்தில் ஒர்க்‌ஷாப். வின்ச், அதாவது கயிற்றைச் சுருட்டி இழுக்கிற மெஷின் போட்ட ஒரு பிக்கப் இருக்கிறது, மலையில் வண்டி மாட்டிக்கொண்டால் காரவள்ளி அடிவாரத்தில் என் நம்பரைத்தான் கொடுப்பார்கள். வாய்க்காலில் இறங்கிய வண்டி எனக்குப் புதிதில்லை. "கட்டின இடமெல்லாம் உடையுது" என்றதுதான் வயிற்றைக் கலக்கியது. அப்படிச் சொல்லி வருகிற போன்களில், விழுந்ததால் ஆன சேதத்தைவிட எடுக்கப் போனதால் ஆன சேதம்தான் பெரிதாக இருக்கும். நான் வரும்வரை யாரும் கை வைக்க வேண்டாம், பிள்ளைகளை இறக்கி ரோட்டோரமாக மேலே தள்ளி உட்கார வையுங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆடி 17, 18 இரண்டு நாளும் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. மலைக்கு மொத்தம் 70 வளைவு, அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் ஏறுகிற பஸ்ஸும் இறங்குகிற காரும் முட்டிக்கொண்டு நிற்கும். இங்கேயும் அதுதான் நடந்திருக்கிறது. சேலத்திலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியர், குடும்பத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார், எதிரே பஸ் வந்ததும் வழி விடுவதற்காக ரிவர்ஸ் எடுத்தார், இடது பின்சக்கரம் மலைப்பக்கத்து வாய்க்காலுக்குள் போய்விட்டது. இரண்டடி ஆழக் கல் வாய்க்கால். வண்டி நான்கு வருஷப் பழைய சின்ன எஸ்யூவி, ஆட்டோமேட்டிக், என்ஜின் முன்சக்கரங்களை ஓட்டுகிற வகை, வெறும் வண்டியே 1,300 கிலோ சுமார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தேகால் ஆகிவிட்டது. வண்டியின் மூக்கு ரோட்டின் நடுவைப் பார்த்துச் சாய்வாகவும், பின்பக்கம் மலைப்பக்கமும் இருந்தது. அடிவயிறு வாய்க்காலின் கல் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. இடது பின்சக்கரம் வாய்க்கால் தரையைத் தொடக்கூட இல்லை, அந்தரத்தில் தொங்கியது. இடது பின் மூலை தாழ்ந்ததால் எதிர் மூலை தூக்கிக்கொண்டது, வலது முன்சக்கரத்துக்கும் தாருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அந்தரத்தில் நிற்கிற சக்கரம் மட்டும் சுற்றும், தரையில் இருக்கிற சக்கரம் அசையாது, டிஃப்ரன்ஷியலின் வேலையே அதுதான். ஆசிரியர் அரைமணி நேரம் மிதித்துப் பார்த்திருக்கிறார். பாவம், அவருக்கு வேறென்ன தோன்றும்.

அடுத்து ஊர் கூடியிருக்கிறது. உதவி செய்ய வந்தவர்களை நான் குறை சொல்லப்போவதில்லை, மலைக்காரர்கள் மாதிரி ஓடி வந்து கை கொடுக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் கைக்குப் பழகினது ஜீப். ஜீப்புக்குக் கீழே முழு நீளத்துக்கு இரும்புச் சட்டம் ஓடும், அதன் நுனியில் கொக்கி இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு சங்கிலியை மாட்டலாம். அம்பாசிடருக்குக்கூடப் பின்னால் பட்டைப் பட்டையாக லீஃப் ஸ்பிரிங் இருக்கும், கட்ட ஒரு இடம் கிடைக்கும். இந்தக் காரில் பம்பர் என்று நாம் பார்ப்பது வெறும் பிளாஸ்டிக் தோல். அதற்குப் பின்னால்தான் இரும்போ அலுமினியமோ ஆன குறுக்குப் பீம் இருக்கிறது, அதில் ஒரு மூலையில் மரை வெட்டிய குழாய் பற்றவைத்திருக்கிறது, அந்தக் குழாயில் திருகுகிற கொக்கி டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் டூல் கிட்டில் தனியாகக் கிடக்கிறது. வெளியே தெரிவதெல்லாம் பம்பரில் ஒரு சின்ன மூடி. முன்னே நீட்டிக்கொண்டு நிற்கிற நிரந்தரக் கொக்கி நடந்து போகிறவர் மேல் பட்டால் காலை உடைக்கும், மோதும்போது பம்பர் மடங்குகிற விதத்தையும் கெடுக்கும், அதனால்தான் இப்படிக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்கிறார்கள். பல வண்டிகளில் பின்பக்கம் அந்தக் குழாயே கிடையாது. ஐரோப்பாவின் வாகன விதியே, டிரெய்லர் இழுக்கத் தகுதியில்லாத கார்களுக்குப் பின் கொக்கி கட்டாயமில்லை என்கிறது.

சரி, இவர்கள் என்ன செய்தார்கள்? ஜீப் மேலேயிருந்து, அதாவது காருக்குப் பின்னாலிருந்து வந்தது. முதலில் பின் பம்பருக்கு அடியில் வளைந்து தெரிந்த ஒரு கம்பியில் கயிற்றைக் கட்டினார்கள். அது சைலன்சரைத் தொங்கவிடுகிற கம்பி. ஒரே இழுப்பில் நிமிர்ந்துவிட்டது. இரண்டாவதாக, இரண்டு பின்சக்கரத்தையும் சேர்க்கிற ஆக்ஸில் பீமில், இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் நைலான் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டு, கயிற்றைத் தொய்வாக விட்டு, ஜீப்பை ஒரு ஓட்டம் ஓட்டி வெடுக்கென்று இழுத்தார்கள். கார் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. எப்படி நகரும், தொங்குகிற சக்கரத்தை வாய்க்கால் சுவரோடு சேர்த்து அழுத்துகிற திசையில் அல்லவா இழுத்திருக்கிறார்கள்.

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே படுத்துப் பார்த்தேன். கயிறு பீமைச் சுற்றியிருந்த இடத்தில் பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ்ஸின் சென்சார் வயர் இரண்டாக அறுந்து செம்புக் கம்பி பளபளத்தது. அதற்கு ஒட்டி ஓடுகிற பிரேக் ரப்பர் குழாயின் மேல் தோல் அரை அங்குல நீளத்துக்கு வழித்தெடுத்த மாதிரி உரிந்து, உள்ளே பின்னல் நூல் தெரிந்தது. ஆயில் கசியவில்லை. விரலால் தடவினேன், காய்ந்துதான் இருந்தது. கீழே இறங்க இன்னும் எத்தனை வளைவு இருக்கிறதென்று அந்த நொடியில் மனசு எண்ணியது. இந்தக் குழாயை நம்பி இந்தக் குடும்பத்தைக் கீழே ஓட்ட விடமாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அந்த வெடுக்கென்ற இழுப்பைப் பற்றிக் கொஞ்சம் கணக்கு சொல்லவேண்டும், ஏனென்றால் ஜீப் ஓட்டிய தம்பி "மெதுவாத்தாங்ணா இழுத்தேன்" என்றுதான் சொன்னார், அவர் பொய் சொல்லவில்லை. ஒன்றரை டன் ஜீப் மணிக்கு 10 கிலோமீட்டரில் போனால் அது ஒரு நடை ஓட்ட வேகம்தான். ஆனால் நீளாத கயிறு அதை 10 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்தினால் கயிற்றில் சராசரியாக ஏறத்தாழ 6 டன் இழுவை வரும். அதே ஜீப், அதே வேகம், கயிறு ஒன்றரை மீட்டர் நீண்டு கொடுத்தால் சராசரி 400 கிலோகூட வராது. நீண்டு கொடுக்கிற மீட்புக் கயிறு என்று தனியாக விற்கிறார்கள், அது அதற்காகவே நெய்தது. சாதாரணக் கயிற்றிலோ சங்கிலியிலோ ஓடி இழுக்கவே கூடாது, இறுக்கிவிட்டு நகர்த்தத்தான் வேண்டும். இல்லாவிட்டால் எந்த முனை பலவீனமோ அது பிய்ந்து பறக்கும். ஷேக்கிளோ (கயிற்றை மாட்டுகிற இரும்பு வளையம்) கொக்கியோ அப்படிப் பறந்து ஆள் செத்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. ஆசிரியரின் சின்ன மகள் கயிற்றுக்கு நேராக மூன்றடி தள்ளி நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, சத்தம் போட்டுவிட்டேன்.

இனி கொக்கி. "முன்னாடி ஒரு மூடி இருக்குங்க, அதைக் கழட்டினோம், கொக்கியும் டிக்கியில இருந்துச்சு, ஆனா ஏறவே மாட்டேங்குது, வேற வண்டியோடது போல" என்றார் ஆசிரியர். கொக்கி வாய்க்கால் ஓரக் கல்லின் மேல் கிடந்தது. கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு தண்டு, நுனியில் மரை, தலையில் வளையம். மரையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், சாய்வு மாறியிருந்தது. குழாயில் வைத்து இடப்பக்கமாக, அதாவது நாம் போல்ட்டைக் கழற்றுகிற பக்கமாகத் திருகினேன், வெண்ணெயில் விரல் இறங்குகிற மாதிரி இறங்கியது. இடது மரை. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களின் கொக்கி எல்லாம் இப்படித்தான், ஃபோர்டு கார்கள் பலவற்றிலும் இப்படித்தான். கூடியிருந்தவர்களில் இரண்டு பேர் நல்ல கைப்பழக்கமுள்ள மெக்கானிக்குகள், வலப்பக்கம் திருகித் திருகிப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார்கள். நல்லவேளை, யாரும் ஸ்பேனர் போட்டு முறுக்கி மரையைக் கெடுக்கவில்லை. கையால் போகிறவரைக்கும் திருகிவிட்டு, வளையத்துக்குள் வீல் ஸ்பேனரின் தண்டை விட்டுக் கடைசிவரை இறுக்கவேண்டும். பாதி மரை வெளியே நின்றால் இழுக்கும்போது தண்டு வளைந்துவிடும், வளைந்த கொக்கி திரும்ப வெளியே வராது.

"அப்ப இழுத்துடலாமுங்களா?" என்றார் ஜீப் தம்பி. இல்லை தம்பி, இதை வைத்து இப்போது இழுக்கக்கூடாது என்றேன். எல்லாரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள், கொக்கியைக் கண்டுபிடித்துவிட்டுக் கட்டமாட்டேன் என்கிறானே என்று.

நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இந்த இடம்தான். அந்தக் கொக்கி, உருளக்கூடிய வண்டியை நேர்கோட்டில் இழுத்துப் போவதற்காகச் செய்தது. நான் சொன்ன அதே ஐரோப்பிய விதி, வண்டியின் முழுச் சுமை எடையில், அதாவது ஆளும் சாமானும் ஏற்றிய அதிகபட்ச எடையில் பாதி அளவு இழுவையைக் கொக்கி தாங்கினால் போதும் என்கிறது. இந்த வண்டிக்கு முழுச் சுமை எடை 1,750 கிலோ என்று வைத்தால் 875 கிலோ. சமதளத் தார் ரோட்டில் உருட்டுவதற்கு எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் வேண்டும், 20, 30 கிலோ, ஒரு ஆள் தள்ளினாலே நகரும். அதற்கு 875 தாராளம். ஆனால் இங்கே வயிறு கல்லில் உட்கார்ந்திருக்கிறது, சக்கரம் விளிம்புக்குக் கீழே தொங்குகிறது. இரும்பைக் கல்லில் தேய்த்து இழுப்பது மட்டுமில்லை, ஒரு மூலையையே ஒரு அடி உயரம் தூக்கியாகவேண்டும். அந்த வேலையைக் கிடைமட்டமாக இழுத்துச் செய்ய நினைத்தால் எவ்வளவு இழுவை வரும் என்பதற்குக் கணக்கே கிடையாது, ஏதாவது ஒன்று உடையும்வரை ஏறிக்கொண்டே போகும். அதுவும் கொண்டை ஊசி வளைவில் நேர்கோட்டில் இழுக்க இடம் எங்கே இருக்கிறது? பக்கவாட்டில் இழுத்தால் தண்டு மரை ஆரம்பிக்கிற இடத்தில் மடங்கும். முன்பக்கத்தில், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற லோயர் ஆர்மில் கட்டலாமே என்று ஒருவர் கேட்டார். அதன் நுனியில் ஒரு பால் ஜாயிண்ட், பக்கத்தில் ஸ்டியரிங் டை ராட், அதில் கட்டி இழுத்தால் வண்டி மேலே வரலாம், ஆனால் வீல் அலைன்மெண்டும் ஸ்டியரிங்கும் கெட்டுப்போய் வரும். சில கார்களில் அடியில் ஓட்டை போட்ட தகடு ஒன்று இருக்கும், அது லாரியில் ஏற்றி வரும்போது கீழே இழுத்துக் கட்டுவதற்கானது, அதையும் இழுவைக்கு எடுக்கக்கூடாது.

வண்டியை இழுக்காமல் தூக்கவேண்டும் என்று முடிவானதும் வேலை சுலபமாகிவிட்டது, நேரம் மட்டும்தான் ஆனது.

முதலில் நழுவாமல் பிடிக்கவேண்டும். கியர் பி-யில், பார்க்கிங்கில்தானே இருக்கிறது, நகராது என்றார் ஆசிரியர். சாதாரணமாகச் சரிதான். ஆனால் முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் இருக்கும்போது பி பிடிக்காது, தரையிலிருக்கிற சக்கரம் ஒரு பக்கம் சுற்றினால் அந்தரத்துச் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றி வழிவிடும். பார்க்கிங் பிரேக் பின்சக்கரங்களில், அதில் ஒன்று தொங்குகிறது, ஆக வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது வலது பின்சக்கரம் ஒன்றுதான். இடது முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்தேன். என் பிக்கப்பை மேலே நிறுத்தி, வலது பின்சக்கரத்தின் அலாய்க் கம்பி ஒன்றைச் சுற்றி அகலமான பெல்ட்டைப் போட்டு வின்ச்சில் மாட்டி, தொய்வு மட்டும் எடுத்துவிட்டேன். கட்ட இடமில்லாத காரில் கட்ட இடம் என்றால் அது சக்கரம்தான், நான்கு சக்கரமும் வண்டியின் முழு எடையைத் தினமும் தாங்குகிறவை. பெல்ட் பிரேக் காலிப்பர் மேலும் குழாய் மேலும் படாமல் பார்த்து, அலாய் கீறாமல் பழைய டியூபைச் சுற்றி வைக்கவேண்டும். அவ்வளவுதான்.

அப்புறம் வாய்க்காலுக்குள் என் பையன் இறங்கினான். பாசி பிடித்த கல், மேலேயிருந்து தண்ணீர் வேறு கசிந்துகொண்டிருந்தது, நின்றால் வழுக்கும். புளியங்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி மேடை கட்டினோம். அதன்மேல் பாட்டில் ஜாக்கி, ஜாக்கியின் தலை ஆக்ஸில் பீமில் ஸ்பிரிங் உட்கார்கிற கிண்ணத்துக்கு அடியில். ஸ்பிரிங் அமுங்கி முடிகிறவரைக்கும் சக்கரம் மட்டும் ஏறும், அதற்கு மேல்தான் பாடி விளிம்பை விட்டு எழும்பும், பொறுமையாகத்தான் அடிக்கவேண்டும். ஜாக்கி ஒரு தடவைக்கு அரையடிக்கு மேல் ஏறாது. ஏறினவுடன் டயருக்கு அடியில் கட்டை அடுக்கி, எடையை டயரில் இறக்கி, ஜாக்கிக்குக் கீழே இன்னொரு வரிசை. இப்படி மூன்று தடவை. யாரும் வண்டிக்கு அடியில் தலையையோ தோளையோ விடக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேயிருந்தேன், பையன் கையை மட்டும் நீட்டிக் கட்டையைத் தள்ளினான். மூன்றாவது தடவை இறக்கியபோது வலது முன்சக்கரம் தாரில் மெதுவாக வந்து உட்கார்ந்தது. கூட்டத்தில் ஒரு அம்மா "முருகா" என்றார், எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆசிரியரை உட்காரவைத்து என்ஜினை ஓடவிட்டேன். என்ஜின் ஓடினால்தான் பிரேக் லேசாக இருக்கும், ஸ்டியரிங் திரும்பும். ரோடு இறக்கம், அதனால் வின்ச்சை நான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கவேண்டும். பெல்ட்டை இப்போது சுற்றுகிற சக்கரத்தில் வைக்கமுடியாது, ஆக்ஸில் பீமின் நடுப்பகுதிக்கு, வயரும் குழாயும் இல்லாத இடத்துக்கு மாற்றினேன். ஆக்ஸிலில் கட்டினதால்தானே வயரும் குழாயும் போச்சு என்று கேட்கலாம். வெடுக்கென்று இழுக்கக் கட்டுவது வேறு, உருளாமல் பிடித்துக்கொள்ள அகலப் பெல்ட்டில் கட்டுவது வேறு. முன்சக்கரத்துக் கட்டையை எடுத்தோம், பார்க்கிங் பிரேக்கை விடுவித்தோம், டி-யில் போட்டு முக்கால் மீட்டர் முன்னால் வந்ததும் பின்சக்கரம் கட்டை மேடையிலிருந்து விளிம்பைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. மணி ஆறே முக்கால். யாரும் இழுக்கவில்லை, அதன் காலிலேயே வந்தது.

கீழே ஓட்டிப் போகிறேன் என்றார் ஆசிரியர். பிரேக் குழாயைக் காட்டினேன், பேசாமல் சரி என்றார். காரையே மேலே ஏற்றிக்கொண்டு போகிற பிளாட்பெட் லாரிக்குச் சொல்லியிருந்தேன், எட்டேகாலுக்கு வந்தது. கொக்கிக்கு வேலை வந்தது இப்போதுதான். லாரியின் பலகையைச் சாய்த்து, காரை நேராக நிறுத்தி, முன் கொக்கியில் வின்ச் கயிறு. பலகை 15 பாகை சாய்ந்தால் 1,300 கிலோ வண்டிக்கு 360 கிலோ இழுவை வரும், லாரி இறக்கத்தில் நின்றதால் அதைவிடக் குறைவுதான். 875-க்கு ரொம்பக் கீழே, அதுவும் நேர்கோட்டில். கொக்கி இதற்குத்தான் செய்தது. மேலே ஏறியதும் நான்கு டயரையும் சுற்றிப் பெல்ட் போட்டுக் கட்டினோம். பாடியில் கட்டினால் வளைவுக்கு வளைவு சஸ்பென்ஷன் ஆடி பெல்ட் தொய்ந்துவிடும்.

கயிறு கட்டிப் பின்னால் இழுத்து வந்திருக்கக்கூடாதா, காசு மிச்சமாகியிருக்குமே என்று பிறகு சிலர் கேட்டார்கள். பிரேக் சந்தேகமான வண்டியை மலை இறக்கத்தில் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்தால் அது முன்னால் போகிற வண்டி மேல்தான் வந்து ஏறும். தவிர, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் பம்பை ஓட்டுவது என்ஜின். என்ஜின் நின்ற வண்டியின் ஓட்டுகிற சக்கரங்களைத் தரையில் உருட்டிக்கொண்டு போனால் உள்ளே ஆயில் போகாமல் காய்ந்து தேயும். எலெக்ட்ரிக் கார் என்றால் இன்னும் மோசம், பெரும்பாலானவற்றில் சக்கரமும் மோட்டாரும் எப்போதும் சேர்ந்தே சுற்றும், உருட்டினால் மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரம் உண்டாக்க ஆரம்பித்துவிடும். என்ஜின் நான்கு சக்கரத்தையும் ஓட்டுகிற வண்டிக்கும் பிளாட்பெட்தான்.

மறுநாள் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். வாய்க்காலில் விழுந்ததால் ஆனது, கதவுக்குக் கீழே மடிப்பு விளிம்பு ஒரு சாண் நீளத்துக்கு மடங்கியது, அடிப் பிளாஸ்டிக் தகடு ஒன்று கிழிந்தது. இழுத்ததால் ஆனது, சைலன்சர் கம்பி, பின் பம்பரின் இரண்டு கிளிப், சென்சார் வயர், பிரேக் குழாய். பின் அலைன்மெண்ட் தப்பித்தது, பீம் வளையவில்லை, அது அவருடைய அதிர்ஷ்டம்தான். குழாயை மாற்றிப் பிரேக் ஆயிலும் மாற்றி மூன்றாம் நாள் வண்டியைக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஆசிரியர் கையில் கொக்கியைக் கொடுத்து நீங்களே ஒரு தடவை திருகிக் காட்டுங்க சார் என்றேன். பழக்கத்தில் முதலில் வலப்பக்கம்தான் திருப்பினார், அப்புறம் சிரித்துக்கொண்டே மாற்றித் திருகினார். தலையில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து அந்த ஜீப் தம்பி போன் பண்ணினார். நீண்டு கொடுக்கிற கயிறு ஒன்று வாங்கிவிட்டாராம், 9 மீட்டர். "இதைக் காருல எங்கீங்ணா கட்டணும்?" என்று கேட்டார். எந்தக் காரு, எப்படி மாட்டியிருக்கு, ஒரு போட்டோ அனுப்புங்க தம்பி என்றேன்.